மகன் எட்டிப் பார்த்தால் மயங்கி விழும் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றது.

படை எல்லாம் இல்லை. ஒரே ஒரு தம்பி, நல்ல உயரம், பைக்கில் வந்தார். ஆனால் தென்காசி பக்கத்தில் இருக்கிற எங்கள் இலத்தூரில் தெருவுக்குள் போலீஸ் பைக் நுழைந்தால் போதும்... ஜன்னல் உள்ள வீட்டில் ஜன்னல் திறக்கும். ஜன்னல் இல்லாத வீட்டில் ஆளே இறங்கி வந்துவிடுவார்கள்.

நான் அந்த நேரம் பின்வாசலில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவோடு உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். அவள் புளியறையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கப் போனவள், கேரளா செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் வாங்கி வந்திருந்தாள். எனக்குச் சர்க்கரை. பரோட்டா ஆகாது. அதனால்தான் பின்வாசல்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவேன், ஸ்டெல்லா எழுதுவாள். நான் பேசுகிற மாதிரியே அனுப்பினால் பத்திரிகை ஆபீஸில் பயந்துவிடுவார்களாம், அதனால் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதுவாள். தையல்காரி இல்லையா... தொளதொளவென்று எதைப் பார்த்தாலும் பிடித்துத் தைக்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

சரி, போலீஸுக்கு வருகிறேன். கையைக்கூடக் கழுவாமல் போய்க் கதவைத் திறந்தேன். அந்தத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சென்னையில எஸ்.ஐ.யா இருக்காவள்லா சங்கர் சாரு, அவிய அம்மா நீங்கதானா?”

“ஆமாய்யா.”

“உயிரோட இருக்கியளான்னு பாத்துட்டு வரச் சொன்னாவ.”

அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே... கேஸ் சிலிண்டர் வந்ததா என்று விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது.

“இருக்கேன். கைநாட்டு வைக்கணுமா?”

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைநாட்டு வேண்டாம், போட்டோ போதும் என்று செல்லைத் தூக்கி என்னைப் படம் பிடித்து அனுப்பினார். போட்டோவில் நான் உயிரோடு இருந்தேன். என் வலது கையில் பரோட்டாவும் இருந்தது.

அதற்கப்புறம் சென்னையிலிருந்து வந்த போனில் என் மகன் முதலில் நலம் விசாரித்தானா, பரோட்டாவை விசாரித்தானா? நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பெட்டி. ஸ்மார்ட் ஹப் என்கிறார்கள். அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் சாரல் காலத்தில் பின்வாசல் துணி துவைக்கிற கல் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் ஒடியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவும் இல்லை, மழைச் சத்தம் அப்படி. கறிவேப்பிலை பறிக்க ஸ்டெல்லா வந்தாளோ, நான் பிழைத்தேனோ. அதுவரைக்கும் மல்லாந்து கிடந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். நான் சிரித்தேன். சங்கரிடம் இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கினோம்.

அன்றைக்கே பிடித்துக்கொண்டான். “சென்னைக்கு வா” என்ற ஒரே பாட்டு.

சென்னையில் என்ன இருக்கிறது? எட்டாவது மாடியில் ஒரு வீடு. மகன் டியூட்டிக்குப் போய்விடுவான், மருமகள் மலர் ஆபீஸுக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் ஃபிரிட்ஜும்தான். ஜன்னலைத் திறந்தால் காற்று வராது, எதிர்வீட்டு ஏசியின் மூச்சுதான் வரும். குளிக்கப் போனால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு “எம்மா, மெதுவா” என்பான். இங்கே எனக்கு அலுப்பாக இருந்தால் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போய், மண்டையில் நங்கென்று தண்ணீர் விழ நின்றுவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று வருகிறவள் நான். என்னைக் கொண்டுபோய் வாளிக்குள் அடைத்தால்?

மாட்டேன் என்றேன். அவனும் விடுகிற ஆளா? போலீஸ்காரன். பேரம் பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் தனியாக இருக்கலாம், ஆனால் வீட்டில் இந்தப் பெட்டி இருக்க வேண்டும். கூடத்தில் ஒரு கேமரா, பின்வாசலைப் பார்த்து ஒரு கேமரா. மோட்டார், லைட், கேட் பூட்டு எல்லாம் பெட்டியின் பொறுப்பு. என் கழுத்தில் ஒரு பொத்தான், விழுந்தால் அமுக்க வேண்டும். பெட்டி வேலை செய்கிற வரைக்கும் இலத்தூர். பெட்டி நின்றால் சென்னை.

நான் அந்தப் பெட்டிக்கு இளைய மருமகள் என்று பெயர் வைத்தேன். எனக்கு ஒரே மகன், ஒரே மருமகள். இது கூடுதல். கூப்பிட்டால் “சொல்லுங்கள்” என்னும். எதிர்த்துப் பேசாது. சமைக்கத் தெரியாது. மூத்த மருமகளுக்கும் தெரியாது என்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை. (எழுது ஸ்டெல்லா, மலர் சிரிப்பாள்.)

ஒரே தொந்தரவு, அதற்கு எங்கள் பேச்சு விளங்காது. “லைட்டப் போடுட்டி” என்றால் அசையாது. நியூஸ் வாசிக்கிறவர்கள் மாதிரி “விளக்கை ஒளிரச் செய்” என்றால்தான் ஒளிரும். இப்போது நான் தனியாக இருக்கும்போது என் வீட்டில் கேட்கிற தமிழைக் கேட்டால் நீங்கள் எழுந்து நின்று கும்பிடுவீர்கள்.

எழுத்து தெரியாவிட்டால் என்ன, வெளிச்சம் தெரியுமே. பெட்டியில் நீலம் எரிந்தால் நலம். ஆரஞ்சு எரிந்தால் நெட்வொர்க் போச்சு. ரவுட்டர் என்று இன்னொரு பெட்டி டிவி மேஜையில் இருக்கிறது. அதிலிருந்துதான் இதற்குச் சாப்பாடு. அதில் வரிசையாகப் பச்சை லைட்டுகள், கடைசியில் பூமி உருண்டை மாதிரி ஒன்று. பூமி சிவந்தால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதானே விஷயம்?

பல மாதம் இளைய மருமகள் ஒழுங்காகத்தான் குடித்தனம் பண்ணினாள். சரஸ்வதி பூஜை முடிந்தபிறகுதான் ஆரம்பித்தது கூத்து.

சங்கர் டியூட்டிக்கு நடுவில் டீ குடிக்கும்போது செல்லில் கேமராவைத் திறந்து பார்ப்பான். நான் கூடத்தில் நடப்பேன், வெங்காயம் உரிப்பேன், டிவி பார்த்தபடி தூங்குவேன். ரொம்ப சுவாரசியம்! ஆனால் அவன் பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே படம் நின்றுவிடுமாம். ஆஃப்லைன் என்று எழுத்து வருமாம். உடனே எனக்குப் போன் அடிப்பான். நான் பின்வாசலில் இருப்பேன், போன் கூடத்தில் அடிக்கும். நான் வந்து எடுக்கிறதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். இங்கே நான் பார்க்கும்போது பெட்டியில் நீலம்தான் எரிந்துகொண்டிருக்கும்.

“இங்கன எல்லாம் சரியாத்தானலே இருக்கு” என்பேன்.

நம்புவானா?

கேபிள்காரர் செல்லத்துரையைக் கூப்பிட்டேன். தென்காசியிலிருந்து அவர் வந்து, ஏணி போட்டு மேலே ஏறி, இறங்கி, குரங்கின் மேல் பழியைப் போட்டார். குற்றாலத்துக் குரங்குகள் இலத்தூர் வரைக்கும் வந்து வயரைக் கடிக்கின்றனவாம். இந்தப் பக்கம் எது கெட்டாலும் ஒரு குரங்கு மாட்டும். நான் கேட்டேன், ஏன் தம்பி, குரங்கு என் மகன் டீ குடிக்கிற நேரமாப் பார்த்தா கடிக்கும் என்று. அவர் யோசித்துப் பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது, உங்கள் பெட்டியில்தான் கோளாறு, ஆச்சி என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது பெட்டி கம்பெனிக்குப் போன். ஸ்டெல்லா நம்பர் போட்டுக் கொடுத்தாள். ஒரு பிள்ளை எடுத்தது. குரலில் அவ்வளவு பணிவு. முதலில் அணைத்துப் போடச் சொன்னது. போட்டேன். பிறகு பெட்டியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது. வைத்தேன். பக்கத்தில் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி எதுவும் இருக்கிறதா என்று கேட்டது. மீன் சட்டியில்தான் இருக்கிறது என்றேன். அதற்குச் சிரிக்க அனுமதி இல்லை போல, பாவம். “இப்போது என்ன நிறம் எரிகிறது அம்மா?” நீலம். “அப்படியானால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது அம்மா.” போனை வைத்துவிட்டது.

பிரச்சினை எப்போதும் யாராவது விசாரிக்க வரும்போது தீர்ந்துதான் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

ஸ்டெல்லா தன் பங்குக்கு ஒரு ஆராய்ச்சி பண்ணினாள். புளியறை தாண்டினால் செல்போனுக்குக் கேரளா டவர் கிடைத்து, மலையாளத்தில் மெசேஜ் வருகிறதில்லையா... அந்தக் கேரளா டவர்தான் மலைக்கு மேலே வந்து நம் நெட்டை இழுக்கிறது என்றாள். தண்ணீருக்குத்தான் சண்டை என்று நினைத்திருந்தேன், நெட்டுக்குமா? அப்புறம் தன் மாதா கோவிலில் இருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றித் தெளிக்கலாமா என்று கேட்டாள். கரண்டில் போகிற சாமானுக்குத் தண்ணீரா? வேண்டாம் தாயி, ஜெபம் மட்டும் பண்ணு என்றேன். அவள் பாதி ஜெபத்தில் இருக்கும்போது சங்கர் சென்னையில் கேமராவைத் திறந்திருக்கிறான். பெட்டி ஆரஞ்சுக்கு மாறியது. பாவம், அவளுடைய விசுவாசமே ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டது.

அப்போதுதான் நடந்தது அந்தப் போலீஸ் விஜயம். படம் நின்றிருக்கிறது, நான் போனை எடுக்கவில்லை, பரோட்டா தின்கிற கையால் எப்படி எடுக்க? அவனோடு டிரெய்னிங்கில் இருந்தவர் தென்காசி பக்கம் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறாராம், அவரிடம் சொல்லி ஆளை அனுப்பிவிட்டான்.

அந்தப் போட்டோ போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் உறுதியாகிவிட்டது. போனில் குரலை இறக்கிக் கேட்டான். லாக்கப்பில் இருப்பவனிடம் முதலில் இப்படித்தான் பேசுவார்களோ என்னவோ.

“எம்மா, உண்மையச் சொல்லு. நான் பாக்கும்போது நீ வேணும்னே ஆஃப் பண்ணுதியா?”

“ஏலே, நீ எப்ப பாக்கேன்னு எனக்கு எப்படிலே தெரியும்?”

“கேமராவுல சின்னதா லைட் எரியும். அதப் பாத்து ஆஃப் பண்ணுத. பரோட்டா திங்கதுக்குத்தான?”

பரோட்டாவை நான் பின்வாசல் படிக்குக் கீழே, கேமரா எட்டாத இடத்தில்தான் தின்கிறேன். ஆஃப் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதைச் சொல்லி எப்படித் தப்பிக்க முடியும்? சில நேரம் நிரபராதி என்று நிரூபிக்க வேறொரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறானாம். சாயங்காலம் திரும்புகிற ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்றாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். சர்க்கரைக்கு அது நல்லதுதான் என்றான்.

அந்த மூன்று நாலு நாள் எனக்கு எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? கோபம்தான். வேறு என்ன? பயமும் இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது, திரும்பி வர முடியாது. போனால் போனதுதான். வீட்டைப் பூட்டினால் ஒரு சாரலுக்குச் சுவர் பூத்துவிடும். அப்புறம் ஒருநாள் வந்து விற்றுவிடுவார்கள். அவன் கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாசக்காரன். பாசக்காரனிடம் இருந்து தப்பிக்க இன்னும் எந்த நாட்டிலும் சட்டம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினான். நேராகப் பெட்டியிடம்தான் போனான். நீலம் எரிந்தது. ரவுட்டரைப் பார்த்தான். பச்சை, பச்சை, பச்சை, பூமி. ஸ்விட்ச் போர்டை வெளிச்சம் அடித்துப் பார்த்தான். விரல் ரேகை எடுப்பானோ என்று நினைத்தேன்.

“நான் வந்ததும் ஒழுங்கா இருக்கு பாத்தியா?”

“நீ சோதனைக்குப் போனா எல்லா ஸ்டேஷனும் ஒழுங்காத்தான்லே இருக்கும்.”

சிரிக்கவில்லை. சூட்கேஸ் எங்கே என்றான். பரணில் இருக்கிறது, நீயே எடு என்றேன். எடுத்தான். தூசியில் தும்மினான். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

தோசை வார்த்தேன். கூடத்தில் டிவி மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் கரண்டியோடு நின்றேன். அந்த நேரம் பார்த்து மலர் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். அம்மாவும் மகனும் அடித்துக்கொள்கிறார்களா என்று அவளுக்குக் கவலை. ஸ்பீக்கரில் போட்டான். “ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கன்னு கேமராவுல பாக்கேன்” என்றாள்.

பார்த்தாள்.

எங்கள் கண் முன்னாலேயே ரவுட்டரில் எல்லா லைட்டும் பொசுக்கென்று அணைந்தது. இளைய மருமகள் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்குப் போனாள். போனில் மலர், “ஐயோ, ஆஃப்லைன்னு வருதே” என்றாள்.

போலீஸ்காரன் கண் எதிரிலேயே சம்பவம் நடந்துவிட்டது. சந்தேகத்துக்கு ஆளானவள் கையில் தோசைக்கரண்டியோடு எட்டி நிற்கிறாள். சங்கர் வாய்க்குக் கொண்டுபோன தோசையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், ரவுட்டரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

இந்த மாதிரி நேரத்தில் சும்மா நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள்... ஐந்தருவியில்கூடக் கிடைக்காது.

கொஞ்ச நேரத்தில் ரவுட்டர் தானாக முழித்தது. முதல் லைட், அடுத்த லைட், கடைசியில் பூமி. மலரை மறுபடி பார்க்கச் சொன்னான். பார்த்தாள். மறுபடி மயக்கம். கேமராவை மூடச் சொன்னான். பெட்டி எழுந்து உட்கார்ந்தது. யாரும் பார்க்காவிட்டால் நலம், பார்த்தால் மயக்கம். பொண்ணு பார்க்க வந்த வீட்டில்கூட இவ்வளவு நாடகம் நடக்காது.

நெட் போனால் பூமி மட்டும்தானே சிவக்கும், இது மொத்தமும் அணைகிறதே என்றேன் நான். கரண்ட்தான் விட்டுப்போகிறது என்றான் அவன். ஃபேன் ஓடுகிறதே? ஓடுகிறது. அப்படியானால் ரவுட்டருக்குக் கரண்ட் போகிற வழியில்தான் ஏதோ இருக்க வேண்டும். கையை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போய், சுவரில் செருகியிருந்த கறுப்பு அடாப்டரைப் பிடுங்கினான். பிடுங்கின வேகத்தில் கீழே போட்டான். அவ்வளவு சூடு.

வேட்டி முனையால் பிடித்துத் திருப்பினான். அதில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. படிக்க முடியவில்லை, எழுத்தின் மேலே ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான்.

“எம்மா, இது என்ன?”

“சந்தனம்.”

“அடாப்டருக்கா?”

“சரஸ்வதி பூஜைக்கு வச்சேம்லா. ஆயுதம்தானலே அதுவும்? நீங்க ஸ்டேஷன்ல துப்பாக்கிக்கும் லத்திக்கும் பொட்டு வச்சுப் பொரி திங்கலையா?”

இல்லை என்று எப்படிச் சொல்வான்? அவன் ஜீப் முன்னால் பூசணிக்காய் உடைத்த போட்டோவை அன்றைக்கு அவன்தான் அனுப்பியிருந்தான்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பாதி வேலை கிடையாது. மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை, டிவி, கேபிள் பெட்டி, ரவுட்டர், இளைய மருமகள், எல்லாரையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழை இலையில் வரிசையாக உட்கார வைத்துவிடுவேன். வருடம் பூராவும் உழைத்தவை, அன்றைக்கு ஓய்வு. மறுநாள் ஒரு பூ போட்டுவிட்டு மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். (அந்த நாள் பூராவும் வீடு ஆஃப்லைனில் இருக்கிறது என்று சங்கர் கத்தியதை நான் சொல்லவில்லை அல்லவா? “பெட்டி லீவுலே இருக்கு” என்று சொல்லி வைத்தேன். வேறு எப்படிச் சொல்ல?)

மறுநாள் எடுத்து மாட்டும்போது ஸ்டெல்லாவும் உதவிக்கு வந்தாள். பூஜை எங்களுடையது, பொரி கடலை அவளுடையது, அப்படி ஒரு ஏற்பாடு. இலையில் இரண்டு கறுப்பு அடாப்டர் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி, இரண்டின் நெற்றியிலும் சந்தனம். ஒன்று ரவுட்டருடையது, ஒன்று டிவிக்குக் கேபிள் வருகிற பெட்டியுடையது. முனையும் ஒரே அளவு. எதை எதில் செருகினாலும் உள்ளே போனது, லைட்டும் எரிந்தது. எரிகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டோம்.

சங்கர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொன்னான். வோல்ட் ஒன்றுதானாம், அதனால்தான் எரிந்திருக்கிறது. ஆம்பியர்தான் குறைவாம். எனக்குப் புரிகிற மாதிரி நானே அவனுக்கு விளக்கினேன். தெருக்குழாயில் சன்னமாக வருகிற தண்ணீர் குடிக்கக் காணும், குளிக்கக் காணாது. சும்மா இருக்கும்போது ரவுட்டருக்குக் குடிக்கிற தண்ணீர் போதும். யாராவது கேமராவைத் திறந்தால் படம் படமாக அனுப்ப வேண்டும், அது குளிக்கிற கணக்கு. பாவம், பாதிக் குளியலில் மயங்கி விழுந்திருக்கிறது.

“அப்ப டிவி பெட்டிக்கு யோகம்தான். ஆளுக்கு மீறின சாப்பாடு” என்றது வாசலில் இருந்து ஒரு குரல். ஸ்டெல்லா. கோவிலில் இருந்து வந்தவள், பைபிளும் கையுமாக எவ்வளவு நேரமாக நின்று கேட்டாளோ.

“யக்கா, ரவுட்டருக்கு மாட்டுனது நீங்களா நானா?”

“நீதான்ட்டி.”

“நான் டிவிக்குல்லா மாட்டுனேன்.”

இன்று வரைக்கும் இந்த வழக்கு தீரவில்லை. அவள் எழுதுகிறதால் நான் மாட்டினதாகத்தான் எழுதுவாள். நீங்கள் நம்ப வேண்டாம்.

அடாப்டரை மாற்றிச் செருகினான். மலரைப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். லைட் அணையவில்லை. “அத்தை, கரண்டியக் கீழ வைங்க, மாவு சொட்டுது” என்றாள். அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் சிலை மாதிரி நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கல்யாண வீட்டு வீடியோவில் நிற்கிறவர்கள் மாதிரி.

போனை வைத்தபிறகு சங்கர் எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன தோசையை விரலால் கிள்ளிக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“நீ பின்வாசலுக்கு நடந்து போயிட்டிருப்பம்மா. ஒரு கால் தூக்கி இருக்கும். அப்படியே படம் நின்னு போகும். அந்தக் கால கீழ வச்சியா, வழுக்கிட்டியா... நீ போன எடுக்க வரைக்கும் அந்த ஒத்தக் காலயே பாத்துக்கிட்டு இருப்பேன்.”

ஸ்டெல்லா வாசலில் இருந்து அப்படியே நகர்ந்து போய்விட்டாள். நான் போய் அவனுக்குச் சூடாக இன்னொரு தோசை வார்த்துக் கொண்டுவந்து, ஆறினதை எடுத்து நான் தின்றேன்.

பார்க்கிறவனுக்குக் கவலை, பார்க்கப்படுகிறவளுக்கு எரிச்சல். இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் இருக்கிற பெட்டியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவன் பயந்தவன் என்று எனக்குத் தெரியவில்லை. சந்தேகப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். போலீஸ்காரர்கள் பயந்தாலும் அதே முகம்தான் வருகிறது, என்ன செய்ய?

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, செல்லை எடுத்து ஒரு டிக்கெட்டை ரத்து பண்ணினான். சூட்கேஸைப் பரணில் அவனே ஏற்றினான். பின்வாசலில் இறங்கி, துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஒருநாளும் துடைப்பம் பிடித்துப் பார்த்ததில்லை நான் அவனை. நல்லாத்தான் கழுவினான். யார் பழக்கியிருப்பார்கள்?

இந்த நேரத்தை விட்டால் கிடைக்காது என்று நான் என் கோரிக்கையை வைத்தேன். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நீ என்னைப் பார்க்கிற மாதிரி நானும் உன்னைப் பார்க்க வேண்டாமா? ராத்திரி டியூட்டி, பகல் டியூட்டி என்று அலைகிறாய், நீ சாப்பிட்டாயா இல்லையா என்று எனக்கு யார் போலீஸ் அனுப்புவார்கள்? உன் வீட்டிலும் ஒரு கேமரா மாட்டு.

முழித்தான். பிரைவசி என்றான். எனக்கு மட்டும் அது கிடையாதா என்றேன். மலரிடம் கேட்க வேண்டும் என்றான். கேட்டான். மலர், “அத்தைக்கு இல்லாததா, சமையல்கட்டுலயே மாட்டிருவோம்” என்றாள். அவளைப் பற்றிச் சமையல் தெரியாது என்று மேலே சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விவரம் தெரிந்த பிள்ளை.

மாட்டிவிட்டார்கள். என் பெட்டியில் கையகலத்துக்கு ஒரு திரை இருக்கிறது. நேற்று சாயங்காலம் அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, “சென்னை இல்லத்தைக் காண்பி” என்றேன். காண்பித்தது. சமையல்கட்டு பளிச்சென்று தெரிந்தது. மலர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம், ரவுடிகளை எல்லாம் ஓட ஓட விரட்டுகிற என் மகன், பனியனோடு நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன் வேறு!

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சத்தியமாக. இந்தப் பெட்டி வழியாகப் பேசவும் முடியும் என்பதை அவன் மறந்துவிட்டான் போல. அப்படியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான். இருக்க முடிந்தால் நான் நான் இல்லையே... கொஞ்சம் குனிந்து, வாயைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னேன்.

“ஏலே, அடிப்பக்கமும் தேயி.”

தட்டு கீழே விழுந்து உடைந்த சத்தம் இலத்தூர் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. நெட்வொர்க் இப்போது பிரமாதம்.